டிவியில் காணாமல் போன கிரீடம்

ராஜா இருந்த காலத்தில் டிவி எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். கொன்றையூரில் வந்தது. அரண்மனைக் கொலு மண்டபத்துச் சுவரில், ஒரு கட்டில் அகலத்துக்குப் பளபளவென்று மாட்டியிருந்தது. திவான் வெள்ளியம்பலம் பட்டணம் போய், தாமே பார்த்துப் பொறுக்கி வாங்கி வந்த டிவி. "ஈ உட்கார்ந்தா அதோட மீசைகூடத் தெரியும் மகாராஜா!" என்று சொல்லிச் சொல்லியே ராஜாவிடம் ஒரு முத்துமாலையைப் பரிசாக வாங்கிவிட்டார்.

ராஜா சிங்கமுத்து பூபதிக்கு ஒரு வழக்கம். முடிசூட்டிய நாள் வந்தால் கிரீடத்தை வைத்துக்கொண்டு, தாமே எழுதிய கவிதையைச் சபையில் வாசிப்பார். லேசில் முடியாது. காலையில் ஆரம்பித்தால், பந்தியில் சாம்பார் ஆறி, ரசம் ஆறி, சமையல்காரனும் ஓய்ந்துபோவான். ஆனாலும் மேடையில் ராஜாவுக்கு இடப்பக்கம் கடைசியில் உட்காரும் திவான் ஒவ்வொரு வருஷமும் "அற்புதம், அற்புதம்" என்பார்.

இந்த வருஷம் அதைப் படம் பிடிக்கச் சூசை என்ற கேமராக்காரன் வந்தான். அவனை அழைத்து வந்தவர் கச்சிராயர். சபையில் வேடிக்கையாகப் பேசி ராஜாவைச் சிரிக்க வைப்பவர் அவர். ராஜா சிரிக்கச் சிரிக்கத் திவானுக்கு வயிறு எரியும்.

மறுநாள் சாயங்காலம் படத்தை டிவியில் போட்டார்கள். ராஜாவின் மீசை வந்தது. மூக்கு வந்தது. நெற்றி வந்தது. கிரீடம்? அடியில் ஒரு விரற்கடை தெரிந்தது. அதற்கு மேலே ஒன்றும் இல்லை. உச்சியில் பதித்த வைரத்தையும் காணோம்.

"என் கிரீடம் எங்கய்யா?" என்று ராஜா உறுமினார்.

திவானுக்கு உள்ளுக்குள் பாயசம் குடித்த மாதிரி இருந்தது. முகத்தை மட்டும் சோகமாக வைத்துக்கொண்டார்.

"மகாராஜா, உங்க கவிதையைக் கேட்டுத் தேம்பித் தேம்பி அழுதவன் நான். என் மனசு தாங்கலையே! படத்துல கிரீடத்தை வெட்டினவன் நாளைக்கு நிஜத்துலயும் வெட்டுவான். அவனை நாடு கடத்தணும். அவனை அரண்மனைக்குள்ள கொண்டுவந்து விட்டது யாரோ, அந்த ஆளையும் சேர்த்து!"

கடைசிப் பேச்சைக் கச்சிராயரைப் பார்த்தே சொன்னார்.

"அப்படியே ஆகட்டும்! காலையில விசாரணை!" என்று எழுந்து போனார் ராஜா.

வாசலில் சூசை உடைந்துபோய் நின்றான். "ஐயா, எம் பொண்டாட்டி இப்பத்தான் பிள்ளை பெத்திருக்கா. பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கிட்டு எந்த நாட்டுக்குப் போவேன்? சத்தியமா கிரீடத்தை முழுசாத்தான் எடுத்தேன்."

"அழாதப்பா. கேமராவைக் காட்டு" என்றார் பின்னாலேயே வந்த கச்சிராயர்.

கேமராவின் சின்னத் திரையில் கச்சிராயர் கண்ணை ஒட்டிவைத்துப் பார்த்தார். கிரீடம் வைரத்தோடு முழுசாக இருந்தது. கண்ணை மெல்ல ஓரத்துக்கு நகர்த்தினார்.

"அடடே!" என்று குலுங்கிச் சிரித்தார்.

"என்னங்கய்யா?"

"ஒண்ணுமில்ல. வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைக் கொஞ்சு."

காலையில் ராஜா கிரீடத்தோடு வந்து உட்கார, சபை கூடியது. கச்சிராயர் பக்கத்தில் நின்ற சூசையிடம் கேமராவை வாங்கி ராஜா கையில் கொடுத்தார். ராஜா தம் கிரீடத்தை மட்டும்தான் பார்த்தார்.

"இதுல இருக்கே!"

"இருக்கு மகாராஜா. சூசை வெட்டல."

திவான் துள்ளி எழுந்தார். "அப்ப வெட்டினது யாரு? இங்க கொண்டாரும் ஓய், பார்ப்போம்!"

"கொண்டுவர வேண்டாம் திவான்வாள். இங்கதான் சுவத்துல தொங்கிட்டிருக்கார்" என்று டிவியைக் காட்டினார் கச்சிராயர். சபை கொல்லென்று சிரித்தது.

"மகாராஜா, முன்னால தொந்தி வச்ச டிவி இருந்துச்சே, அதுல படத்தோட ஓரம் பிசிறடிக்கும். அது தெரியக் கூடாதுன்னு படத்தைக் கொஞ்சம் பெரிசா இழுத்து, ஓரத்தை வெளியே தெரியாம மறைச்சாங்க. ஜரிகை வேட்டியைக் கரையை உள்ளே மடிச்சுக் கட்டினாப்பல. இந்தத் தட்டை டிவியில பிசிறே கிடையாது. ஆனா பழைய புத்தி விடல. நாலு பக்கமும் வெட்டிட்டுத்தான் காட்டுது. கீழே சேதி ஓடுமே, அது தினமும் உங்களுக்குப் பாதிதானே தெரியுது?"

"ஆமாய்யா! எனக்குத்தான் கண்ணு போச்சுன்னு பயந்து, யார்கிட்டயும் சொல்லாம இருந்தேன்!"

"ஆக, வெட்டினவர் இவர். இவரை அரண்மனைக்குள்ள கொண்டுவந்து விட்டது யாரு?"

சபை மொத்தமும் திவானைத் திரும்பிப் பார்த்தது. அவர் கழுத்தில் முத்துமாலை கிடுகிடுவென்று ஆடியது.

"மகாராஜா... கடைக்காரன் சொன்னான்... நான் நம்பி..."

"பதறாதீங்க. யாரையும் நாடு கடத்த வேண்டாம்" என்று கச்சிராயர் ரிமோட்டை எடுத்து, அதே படத்தை மறுபடி டிவியில் போட்டார். அமைப்புகளுக்குள் போய், படத்தின் அளவைத் தேடி, உள்ளதை உள்ளபடி காட்டு என்ற இடத்தில் அமுக்கினார். படம் சற்றே சுருங்கியது. கிரீடம் வந்தது. வைரம் மின்னியது. ராஜா எழுந்து நின்று கைதட்டினார்.

மேல் ஓரம் வந்தால் பக்கத்து ஓரமும் வரத்தானே செய்யும்?

படத்தின் ஓரத்தில் திவான் வந்தார். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. தலைப்பாகை கழுத்துக்கு இறங்கியிருந்தது. வாய் திறந்து கிடந்தது. குறட்டைக்கு ஏற்றபடி தொந்தி ஏறி இறங்கியது. உதட்டின்மேல் ஒரு ஈ உலாத்திக்கொண்டிருந்தது. அதன் மீசைகூடத் தெரிந்தது.

"வெள்ளியம்பலம்! இதுதான் நீர் தேம்பித் தேம்பி அழுத லட்சணமா?"

திவான் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். "மகாராஜா, டிவி முந்தி மாதிரியே இருந்துட்டுப் போகட்டும் மகாராஜா!"

ராஜாவுக்குக் கோபம் வர வேண்டியது, சிரிப்புதான் வந்தது. "இனிமே நீர் எனக்கு எதிர்ல, மூக்குக்கு நேரா உட்கார்ந்து கவிதை கேட்கணும். அதுதான் தண்டனை. சூசை, வருஷா வருஷம் நீயே வந்து படம் எடு. அந்த முத்துமாலை உன் பிள்ளைக்கு. கச்சிராயரே, உமக்கு என்ன வேணும், கேளும்!"

கச்சிராயர் குனிந்து வணங்கினார். "திவான் காலி பண்ற அந்த ஓர இடத்தை எனக்குக் குடுங்க மகாராஜா."

"அவ்வளவுதானா?"

"இன்னும் ஒண்ணே ஒண்ணு. கிரீடத்தைத்தான் கண்ணாரப் பார்த்தாச்சே. டிவியை மறுபடி பழையபடியே மாத்திடட்டுமா?"

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்து காலடியில் விழுந்தது. சூசை அதையும் படம் பிடித்தான், ஓரம் விடாமல்.