சேலைச் சுவர்

"வீட்டைக் கட்டறதுக்கு முந்தியே வீட்டுக்காரி வரமாட்டேன்னுட்டாளுங்க அம்மிணி."

தெய்வசிகாமணி சுருட்டி வைத்திருந்த பிளானை எஸ்தரின் மேஜையில் வைத்தார். வைத்தார் என்ன, போட்டார்.

எஸ்தர் அவிநாசிப் பக்கம் வீடு கட்டித் தரும் இன்ஜினியர். சிகாமணியைவிட இருபது வயது இளையவர். அவரிடம் கேள்வி கேட்டுப் போனவர்கள் பதிலோடு திரும்பியதாகச் சரித்திரம் இல்லை. ஏதாவது ஒரு வேலையோடுதான் திரும்புவார்கள். அதற்குப் பயந்தே பாதிப் பேர் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள்.

"என்ன சொன்னாங்க?"

"'நல்லாத்தான் இருக்குது. நீங்க போய் இருங்க, நான் இந்த லைன் வீட்டுலயே இருந்துக்கறேன்'ங்கறா. ஏன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டீங்கறா. முப்பது வருசமுங்க! ஒத்தை ரூமு, அதுக்குள்ளயே அடுப்பு. யாராச்சும் வந்தா மொதல்ல கண்ணுல படறது கழுவாத பாத்திரம். அந்த அவமானம் போகட்டும்னுதான் அவளுக்குன்னு தனியா சமையல் ரூம் போட்டனுங்க. நாலு பக்கமும் சுவரு, கதவு வேற!"

மில்லில் மெஷினோடு மெஷினாக ஓடிய மனுஷன். கட்டி முடித்த வீடுகள் எத்தனையோ விலைக்கு வந்தும் வாங்கவில்லை. தன் மனசுப்படி ஒன்று கட்ட வேண்டும் என்று காத்துக் கிடந்தார். இப்போது பெண்டாட்டியே வராத வீட்டில் அவர் மட்டும் போய் என்ன செய்வார், பாவம்?

எஸ்தர் பிளானைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"இந்தச் சுவர் யாருக்குங்க சார்?"

"அவளுக்குத்தானுங்க."

"அவங்ககிட்டக் கேட்டீங்களா?"

"அதை எதுக்குங்க கேக்கறது? எனக்குத் தெரியாதுங்களா?"

எஸ்தர் பிளானைச் சுருட்டி ஓரமாக வைத்தார்.

"நாளைக்குக் காலையில உங்க மனைக்கு வாங்க. அவங்களையும் கூட்டிட்டு வாங்க. அடுப்பு, பாலு, காபித்தூள், ஒரு நாற்காலி. அப்புறம் வீட்டுல இருக்கற பழைய சேலை எல்லாம்."

"சேலைங்களா?"

"சேலைதானுங்க."

வந்ததுடா வேலை என்று சிகாமணி வாசலுக்கு வந்து தலையில் அடித்துக்கொண்டார்.

மறுநாள் அவர்கள் போனபோது, எஸ்தரின் ஆட்கள் பிளானை அப்படியே முழு அளவில் சுண்ணாம்புக் கோடாகத் தரையில் போட்டிருந்தார்கள். கோட்டின் மேல் வரிசையாகக் கம்பு நட்டிருந்தது. கம்புக்குக் கம்பு சேலையைக் கட்டச் சொன்னார் எஸ்தர். சேலை போதவில்லை. இருந்ததை வைத்துச் சமையல் ரூமை மட்டும் மூடினார்கள்.

"என்னங்க, சேலை காயப் போட்டிருக்கறீங்களா?" என்று ரோட்டில் போன ஒருத்தர் கேட்டார். சிகாமணிக்கு மானமே போய்விட்டது.

"இது சேலை இல்லைங்க, சுவர்," என்றார் எஸ்தர். "ரெண்டு பேரும் அப்படியே நெனச்சுக்கங்க. சார், நீங்க ஹால்ல உக்காந்து பேப்பர் படிங்க. அம்மா, நீங்க உள்ள போய்க் காபி போடுங்க. அவ்வளவுதான்."

சிகாமணியின் மனைவி நாகமணி யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பால் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சிகாமணி பேப்பரை விரித்தார். ஒரு வரி படித்திருக்க மாட்டார், சேலையின் ஓரம் உயர்ந்தது. இடுக்கில் நாகமணியின் கண். பிறகு சேலை இறங்கியது.

"அம்மா, சுவத்தைத் தூக்கறீங்க," என்றார் எஸ்தர்.

"ஐயோ, மறந்துட்டனுங்க."

பால் காயும் வாசனை வந்தது. மறுபடி சேலை உயர்ந்தது.

"அம்மா."

"இல்லைங்க, இல்லைங்க."

மூன்றாம் தடவை சிகாமணி சிரித்தேவிட்டார்.

"பாருங்க அம்மிணி இவ கூத்தை! நாளைக்கு அங்க செங்கல் சுவரு வரும். அதையும் இப்படித் தூக்கிப் பாப்பியா நாகு?"

சேலை சட்டென்று இறங்கியது.

எஸ்தர் சேலைக்குப் பக்கத்தில் போய் நின்றார். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை.

"எதுக்குங்கம்மா தூக்கறீங்க?"

அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

"அது சொல்லக் கூடாதுங்க. புது வீட்டுப் பேச்சு நடக்கற எடத்துல அவச்சொல்லு வரக் கூடாது."

"வீடு இன்னும் வரலைங்கம்மா. இது சேலைதானுங்க."

உள்ளே பால் சட்டியை இறக்கி வைக்கும் சத்தம்.

"மூச்சு விடறாரான்னு பாக்கறனுங்க," என்றாள் நாகமணி.

சிகாமணி பேப்பரைக் கீழே இறக்கினார்.

"போன ஆடியில, பேப்பரைப் புடிச்ச வாக்குலயே சாஞ்சுட்டாருங்க. ஒரு சத்தம் இல்லை. ஒத்தை ரூமுங்கவும் அடுப்புல இருந்தே பாத்துட்டேன். பக்கத்து வீட்டு ஆட்டோவுல போட்டு ஓடுனோம். அஞ்சு நிமிசம் தாமசமாயிருந்தா ஆளு இல்லைன்னுட்டாரு டாக்டரு. இவருக்கு அதெல்லாம் ஒண்ணும் ஞாபகமில்லை. எனக்குத்தான் மறக்கலை. தாளிக்கறப்ப ஒருக்கா, அரிசி கழுவறப்ப ஒருக்கா பாத்துக்கிட்டேதான் இருக்கறேன். என்னைக் கொண்டுபோய் சுவத்துக்குள்ள வெச்சுட்டா நான் எப்படிங்க பாப்பேன்?"

சிகாமணி எழுந்தார். எப்படி எழுந்தார், எப்படி நடந்தார் என்று அவருக்கே தெரியாது. கம்பில் போட்டிருந்த முடிச்சைப் பிடித்து இழுத்தார். அது இன்னும் இறுகியது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது அவருக்கு.

"கத்தி குடுங்க அம்மிணி, அறுத்துப் போட்டர்றேன்."

"அறுத்துப் போடாதீங்க," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "அது நல்ல சேலை."

அந்தப் பக்கமிருந்து நாகமணியின் விரல்கள் வந்து முடிச்சை அவிழ்த்தன. சேலை விழுந்தது. இரண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். காபி பாட்டுக்கு ஆறிக்கொண்டிருந்தது.

எஸ்தர் தன் ஸ்கூட்டர் சீட்டின் மேல் ஒரு வெள்ளைத்தாளை விரித்தார். பென்சிலை எடுத்துக்கொண்டு நாகமணியைப் பார்த்தார்.

"எங்கிருந்து ஆரம்பிக்கலாமுங்கம்மா?"

நாகமணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மொதல்ல இவரு நாற்காலியைப் போடுங்க அம்மிணி. அப்புறம் அடுப்பை எங்க வெக்கறதுன்னு நான் சொல்றேன்."