கோலை விழுங்கிய மண்

பாதி மலைகளுக்குப் பேரே வைக்காத காலம் அது. அந்தக் காலத்தில் செங்குன்றம் என்று ஒரு சிறு நாடு இருந்தது. கேட்பவர்களே, அந்த நாட்டை ஆண்டவன் பெயர் ஆதன். அவனுக்கு நிலம் அளந்து கொடுத்தவன் பெயர் பிட்டன்.

செங்குன்றத்தின் சரிவு முழுக்கப் படிப்படியாக வயல்கள். படிக்கு ஒரு கல்வரப்பு. உச்சியில் அடர்ந்த காடு. அடிவாரத்தில் கீழூர். பிட்டனின் ஒரே மகள் நச்சி அந்த ஊரில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள்.

ஒருநாள் ஆதன் குதிரைமேல் இருந்தபடி சரிவைப் பார்த்தான்.

"பிட்டா, இத்தனை வரப்பு எதற்கு? வரப்பில் தினை விளையுமா?"

"விளையாது, அரசே."

"அப்படியானால் இடித்துத் தள்ளு. உச்சிக்காட்டையும் வெட்டு. ஏர் மேலிருந்து கீழே ஒரே கோடாக ஓடட்டும். இரண்டு பங்கு விளையும்."

பிட்டன் அந்தச் சரிவை முப்பது ஆண்டுகள் நடந்து அளந்தவன். வரப்பு எதற்கு என்று அவனுக்குத் தெரியும். சொல்ல வாய் திறந்தான். ஆனால் போன ஆண்டு அரசனை மறுத்துப் பேசிய ஒருவனை மொட்டையடித்து, குடும்பத்தோடு காட்டுக்குள் விரட்டியது நினைவுக்கு வந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டான்.

"ஆகட்டும், அரசே" என்றான்.

வரப்புகளும் காடும் போயின. முதல் ஏர் பூட்டியவன் கீழூர் உழவன் எயினன். அவன் கலப்பையைப் பிடித்தபடி கேட்டான்: "ஐயா, மழை பெய்தால் தண்ணீர் எங்கே நிற்கும்?"

"உழு" என்றான் பிட்டன்.

முதல் ஆண்டு அரசன் சொன்னபடியே விளைந்தது. களத்தில் தினை குவிந்தது. ஆனால் அடுத்த மழையில் சரிவெங்கும் விரல் அகலத்துக்கு ஓடைகள் விழுந்தன. ஓடியது தண்ணீர் நிறத்தில் இல்லை, சிவப்பாக இருந்தது. பிட்டன் காலால் மண்ணைத் தள்ளி ஓடைகளை மூடினான்.

"நிலம் எப்படி இருக்கிறது?" என்று அரசன் கேட்டான்.

"நன்றாக இருக்கிறது, அரசே."

இரண்டாம் ஆண்டு ஓடைகள் முழங்கால் ஆழம் போயின. தினை முழ உயரம்கூட வளரவில்லை. பிட்டன் முள்ளையும் வைக்கோலையும் திணித்து, மேலே மண் தூவி, அரசன் வரும் பாதையை மட்டும் சமப்படுத்தினான். கீழே, ஊரை ஒட்டிய ஏரி கலங்கிக் கிடந்தது. அதில் மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன.

"நிலம் எப்படி இருக்கிறது?"

"நன்றாக இருக்கிறது, அரசே."

மூன்றாம் ஆண்டு பள்ளங்கள் ஆள் ஆழம் ஆயின. மேயப் போன கன்று ஒன்று விழுந்து, ஏற முடியாமல் கத்திக் கத்திச் செத்தது. காற்றே இல்லாத பகலில்கூடச் சரிவில் கற்கள் தாமாக உருண்டன. ஒரு கல் உருளும். நிற்கும். பிறகு இன்னொன்று உருளும். யாரோ மேலே மெல்ல நடந்து வருவதுபோல இருக்கும். நிமிர்ந்து பார்த்தால் யாரும் இருக்கமாட்டார்கள்.

மேற்கே மேகம் கறுத்துத் திரண்ட ஒரு காலையில் ஆதன் மீண்டும் வந்தான். விளைச்சல் குறைந்த கோபம் அவன் முகத்தில் இருந்தது.

"நிலம் எப்படி இருக்கிறது?"

பிட்டன் அரசனைப் பார்த்தான். கீழூரைப் பார்த்தான். கூரைகளிலிருந்து அடுப்புப் புகை எழுந்துகொண்டிருந்தது. அவற்றில் ஒரு கூரை நச்சியுடையது. அவளுக்குக் குழந்தை பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை.

"அரசே, இரண்டு முறை பொய் சொன்னேன். உயிருக்குப் பயந்து சொன்னேன். இப்போது அதைவிடப் பெரிய பயம் வந்துவிட்டது."

ஆதனின் கை வாளுக்குப் போனது.

"வெட்டுவதானால் வெட்டுங்கள். அதற்கு முன் என் கோல் மூன்று இடத்தில் இறங்குவதைப் பாருங்கள்."

பிட்டனின் அளவுகோல் ஆள் உயரம். அதன் நுனியில் இரும்புப் பூண். உச்சியில் அதை ஓங்கி ஊன்றினான். டக் என்றது. ஒரு சாண்கூட இறங்காமல் பாறையில் முட்டியது.

"இங்கே முன்பு இடுப்பளவு இறங்கும், அரசே."

நடுச்சரிவில் ஊன்றினான். டக் என்றது. இரண்டு விரல்கடைதான் இறங்கியது.

அரசன் குதிரையிலிருந்து இறங்கினான். இருவரும் கீழே நடந்தார்கள். முதல் துளி விழுந்தது. கீழூருக்கு நேர்மேலே, புதிதாக வீங்கியிருந்த ஒரு மேட்டில் பிட்டன் கோலை வைத்தான். ஊன்றவில்லை, வைக்க மட்டும் செய்தான். கோல் சத்தமே இல்லாமல் உள்ளே போனது. முழுதும் போனது. அவன் விரல்கள் சேற்றைத் தொட்டன.

"மேலிருந்து போன மண்ணெல்லாம் இங்கேதான் குந்தியிருக்கிறது" என்றான் பிட்டன். "ஊரின் தலைக்கு மேலே."

காலடியில் தரை மெல்ல அசைவதை ஆதனும் உணர்ந்தான்.

"பறை அடிக்கச் சொல்!" என்று கத்தினான். "எல்லாரும் எதிர்மேட்டுக்கு ஓடுங்கள்! எதையும் எடுக்காதீர்கள்!"

பறை அதிர்ந்தது. மழை வலுத்தது. அரசனும் பிட்டனும் ஊரோடு சேர்ந்து எதிர்மேட்டுக்கு ஓடினார்கள். பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடினார்கள். கிழவர்களை முதுகில் சுமந்தார்கள். ஈரத்துணியில் பொதிந்த குழந்தையோடு நச்சி ஓடி வருவதைப் பார்த்தபோதுதான் பிட்டனுக்கு மூச்சு வந்தது.

எயினன் எதிர்மேட்டில் பாதி ஏறியவன், தொழுவத்தில் மாடுகள் கத்துவதைக் கேட்டு நின்றான்.

"போகாதே!" என்று பிட்டன் அலறினான்.

"கட்டிப்போட்டிருக்கிறேன், ஐயா. அவிழ்த்துவிட்டு வந்துவிடுகிறேன்."

அவன் வரவில்லை.

முதலில் ஒரு சத்தம் கேட்டது. இடி என்று நினைத்தார்கள். இடியானால் ஓய்ந்துவிடும். இது ஓயவில்லை. சரிவு முழுதும் ஒரு விலங்குபோல முதுகைச் சிலிர்த்து, மெல்லக் கிளம்பி, பிறகு பாய்ந்து வந்தது. கூரைகள் தெரிந்தன. அடுத்த மூச்சில் தெரியவில்லை. ஏரி இருந்த இடத்தில் சேறு கொதிப்பதுபோலக் குமிழியிட்டது.

மழை நின்ற பிறகு ஆதன் பிட்டனைத் தண்டிக்கவில்லை. தண்டிக்கத் தனக்கு வாயில்லை என்று அவனுக்குத் தெரியும். மீண்டும் கல்வரப்புக் கட்ட ஆணையிட்டான். தானும் மண் கூடை தூக்கினான்.

பிட்டன் எயினனின் மனைவி சாத்தியிடம் போனான். வரப்புக் கட்டும் இடத்தில் அவள் கல் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அன்று அவன் கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. என்னை மன்னித்துவிடு, அம்மா."

சாத்தி அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கல்லை எடுத்துக் கொடுங்கள்" என்றாள்.

அவன் எடுத்துக் கொடுத்தான். அன்று கொடுத்தான், மறுநாள் கொடுத்தான், முதுகு வளையும் வரை கொடுத்தான். வரப்புகள் எழுந்தன. உச்சியில் மரக்கன்றுகள் வேர் பிடித்தன. ஆனால் பாறைமேல் மண் ஒரு சாண் சேர்வதற்குள் ஆதனும் போனான், பிட்டனும் போனான், சாத்தியும் போய்ச் சேர்ந்தாள். அவர்களில் ஒருவரும் அந்தச் சரிவில் விளைந்த தினையை மறுபடி உண்ணவில்லை.

மண் போகிறது என்று தெரிந்தவன் பயந்து வாயை மூடிக்கொண்டால், மண்ணோடு மனிதரும் போவார்கள்.