கூரைப் பக்கத்துக் கிளை

தகரக் கூரையில் பிளம்ஸ் பழம் விழும் சத்தம் செங்கமலத்தின் காதை விட்டுப் போகவே இல்லை. டொக்கென்று விழும், உருளும். உள்ளே தங்கை பூரணி கைதட்டிச் சிரிப்பாள். அந்தச் சத்தம் நின்று சில வருடங்கள் ஆகிவிட்டன.

பூப் பருவத்தில், மலைமேல் மடத்திலிருந்து சாமி வந்தார். அவளைவிட இளையவர், அவளுக்குத் தீட்சை தந்தவர்.

“இந்த பிளம்ஸ் மரம் என்ன ரகம் சாமி? பூக்குது, காய்க்கல. மலட்டு ரகம்னா வெட்டிடலாம்.”

சாமி பக்கத்திலிருந்த அடிக்கட்டையைப் பார்த்தார். “இது?”

“இதுவும் பிளம்ஸ்தான், மஞ்சப் பழ மரம். ஒரே புளிப்பு. இடத்தை அடைச்சுக்கிட்டு நின்னுச்சு. வெட்டிட்டேன்.”

“எப்ப?”

“அந்த மரம் காய்ப்பை நிறுத்துச்சே, அதுக்கு முந்தின வருஷம்.”

வாசலில் கயிறு கட்டிய தகரப்பெட்டி இருந்தது. சாமி அதையும் பார்த்தார்.

“பூரணியோடது. பிறவியிலேயே புத்தி மட்டு. மழைக்கு முன்னாடி ஒரு இல்லத்துல விட்டுடப் போறேன். எத்தனை நாள் வச்சுப் பார்க்கிறது? சோறு வடிக்கக்கூடத் தெரியாது சாமி.”

“அக்கா, சாமிக்கு மீசையே இல்ல!” என்றாள் பூரணி.

“வாயை மூடுடி.”

சாமி சிரித்தார். “பழம் வரட்டும். ரகம் சொல்றேன். அதுவரைக்கும் பெட்டியும் இருக்கட்டும்.”

மறுநாள் மடத்துத் தோட்டத்து மஞ்சப் பழ மரத்திலிருந்து பூத்த கொம்புகளை ஒடித்து வந்தார். நீர் நிறைந்த செம்பில் செருகி, கூரைப் பக்கத்துக் கிளையில் கட்டினார்.

“எதுக்கு சாமி?”

“தேனீ இதுல உட்கார்ந்துட்டு, ஒட்டின பூந்தூளோட அதுல போய் உட்காரும்.”

பூ உதிரும்வரை செம்புக்கு நீர் ஊற்றியவள் பூரணி. பாதியைத் தன் மேல் கொட்டிக்கொண்டாள்.

வைகாசியில் சாமி மறுபடி வந்தபோது அந்தக் கிளை மட்டும் சிவந்து தொங்கியது. மற்றக் கிளைகளில் வெறும் இலை. செங்கமலம் ஒரு பழத்தைக் கடித்தாள். அதே பழைய இனிப்பு.

“இப்பச் சொல்லுங்க சாமி. என்ன ரகம்?”

“தனியா நின்னா காய்க்காத ரகம்மா.”

அவள் அடிக்கட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கூரையில் டொக்கென்று ஒரு பழம் விழுந்து உருண்டது. உள்ளே கைதட்டல் கேட்டது.

செங்கமலம் போய்ப் பெட்டியின் கயிற்றை அவிழ்த்தாள்.

பூரணி கடைசிவரை அந்த வீட்டில்தான் இருந்தாள். சோறு வடிக்கக் கற்றுக்கொள்ளவில்லை.