குடிக்காத தவளையின் பங்கு

கோடையில் காட்டுக்குளம் வற்றத் தொடங்கியதும், தண்ணீரைப் பங்கு பிரிக்கும் பொறுப்பை நரி சடையாண்டி தானாகவே எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டது. யாரும் அதைக் கேட்கவில்லை. கேட்காத வேலைக்கு முந்திக்கொண்டு வருவதுதானே அதன் வழக்கம்!

கரையில் கூட்டம் கூடியது. எருமை, பன்றி, மான் எல்லாம் வந்தன. குளத்திலேயே குடும்பம் நடத்தும் தவளை மாரியாயியை மட்டும் யாரும் அழைக்கவில்லை. அதுவாகவே தத்தித் தத்தி வந்து முன்வரிசையில் உட்கார்ந்தது.

“தண்ணி குடிக்கிறவங்களுக்குத்தான் பங்கு” என்று சட்டம் போட்டது நரி. “தவளை தண்ணி குடிச்சு யாராவது பார்த்திருக்கீங்களா?”

யாரும் பார்த்ததில்லை. தவளை தோலால் அல்லவா தண்ணீரை உறிஞ்சுகிறது! மாரியாயி அதை எடுத்துச் சொன்னது. ஒருவர் காதிலும் ஏறவில்லை. கோரைப்புல் மூலையில் தேங்கிய நீரை மறுநாள் காலையில் வாய்க்கால் வெட்டித் தன் பக்கம் இழுத்துக்கொள்ளப் போவதாக நரி அறிவித்தது.

அந்த மூலையில்தான் மாரியாயியின் தலைப்பிரட்டைகள் நீந்திக்கொண்டிருந்தன. ஒன்றுக்கும் இன்னும் கால் முளைக்கவில்லை. நீர் போனால் பிள்ளைகளும் போய்விடும்.

அழுதால் நரி மசியாது என்று அதற்குத் தெரியும். அதனால் சிரித்தது.

“சரிங்க அண்ணாச்சி. பங்கு இல்லாத இடத்துல எங்களுக்கு வேலையும் இல்ல” என்று சொல்லிவிட்டுக் குளத்தில் குதித்தது.

அன்று மாலை ஒரு தவளையும் வாய் திறக்கவில்லை. பாடவும் இல்லை, கொசு பிடிக்கவும் இல்லை. அல்லி இலைகளில் அமர்ந்து வேடிக்கை பார்த்தன. கொசுக்களுக்குக் கொண்டாட்டம்! எருமையின் காதில் புகுந்தன. பன்றியைச் சேற்றில் புரள வைத்தன. அமைதி காக்கும்படி கத்த நரி வாயைத் திறந்ததும், ஒரு கொசுக் கூட்டமே உள்ளே போய்விட்டது. எல்லாம் உன் சட்டத்தால் வந்தது என்று எருமை கொம்பை ஆட்டியது.

வீங்கிய மூக்கோடு நரி கோரைப்புல் மூலைக்கு ஓடிவந்தது.

“என் ரத்தத்தையெல்லாம் குடிக்குது, தங்கச்சி! ஏதாவது பண்ணு!”

“குடிக்கிறவங்களுக்குப் பங்குன்னு நீங்கதானே சட்டம் போட்டீங்க அண்ணாச்சி? அதுங்க பங்கை அதுங்க வாங்கிட்டுப் போகுது.”

நரியின் பின்னாலேயே வந்த எருமைகூடச் சிரித்துவிட்டது. வாய்க்கால் பேச்சு அங்கேயே நின்றது. குளத்தில் வாழ்பவர்களைக் கேட்காமல் இனி ஒரு சொட்டும் பிரிப்பதில்லை என்று எருமையின் கொம்புக்கு முன்னால் நின்று நரி வாக்குக் கொடுத்தது. அதன் பிறகே மாரியாயி நாக்கை நீட்டி, நரியின் மூக்கில் இருந்த கொசுவை முதலில் பிடித்தது.

நீரைப் பங்கு போடும் இடத்தில் அந்த நீரிலேயே வாழும் உயிர்களுக்கு இடமில்லையென்றால், பங்கு போட்டவருக்கும் நிம்மதி இருக்காது.