சிங்கப்பூரிலிருந்து வரும் டீ

பொள்ளாச்சியைத் தாண்டி உடுமலை போகிற வழியில் தேங்காய் நாரில் கால்மிதி செய்கிற கம்பெனி ஒன்று இருந்தது. அதன் ஆபீஸில் மூன்று பேர்: பெரிய கிளார்க் குப்புராஜ், அவருக்குக் கீழே திருமூர்த்தி, கம்ப்யூட்டர் முன்னால் கனகமணி. சொன்ன சொல்லை மீறாதவர்கள் என்று மூவருக்கும் நல்ல பெயர். கம்பெனி ஏன் வளரவில்லை என்பதுதான் முதலாளிக்கு விளங்கவில்லை.

மகள் பிரசவத்துக்காக ஓசூர் கிளம்புமுன், அக்கா மகனை விட்டு ஆபீஸ் மெயிலில் ஒரு ஆட்-ஆன் போடச் சொன்னார் முதலாளி. மெயிலைத் திறந்தால் ஓரமாக ஒரு கட்டம் வரும். யாரோடு எப்போது பேசினோம், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அதுவே தமிழில் சொல்லும்.

“தினமும் பேசற ஆளுக எல்லாரையும் இதுல ஏத்துங்க. அது சொல்றபடி செய்யுங்க. சிங்கப்பூர் வேலுச்சாமி வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு கன்டெய்னர் ஆர்டர் தரணும். அவரு கைவிட்டுப் போனா ஆபீஸைப் பூட்டிட்டு மூணு பேரையும் நார் அடிக்கற ஷெட்டுக்கு அனுப்பிருவேன்.”

ஷெட் பக்கமிருந்து காற்று அடித்தாலே குப்புராஜுக்குத் தும்மல் வரும். வந்தால் சாயங்காலம்தான் நிற்கும்.

அன்றே வேலையை ஆரம்பித்தார்கள். தினமும் பேசுகிற ஆள் என்று முதலில் எதிர்க்கடை டீ மாஸ்டரை ஏற்றினார்கள். அவர் பெயரும் வேலுச்சாமிதான். ‘படம் இல்லை’ என்றது ஆட்-ஆன். திருமூர்த்தி போய், அவர் டீ ஆற்றுகிற கோலத்திலேயே படம் பிடித்து வந்து சேர்த்தான்.

அடுத்து, ‘பழைய வாடிக்கையாளர் கோழிக்கோடு அப்துல்லாவோடு பேசி வெகுநாளாகிறது. பேசவும்’ என்றது. குப்புராஜ் போன் போட்டார். எதைப் பற்றி என்று அது சொல்லவில்லை. ஆகவே, “பேசறனுங்க, பேசறனுங்க” என்று மட்டும் பேசினார். அப்துல்லா வைத்துவிட்டார்.

‘சிங்கப்பூர் வேலுச்சாமியைப் பற்றி நாளைக் காலை நினைவூட்டவா?’ என்றது. கனகமணி ‘ஆமாம்’ அழுத்தினாள். அதன்பின் அன்று முழுக்க யாரும் அவரை நினைக்கவில்லை. திருமூர்த்தி மட்டும் ஒருமுறை வாய் தவறி, “அந்த சிங்கப்பூர்...” என்றான்.

“காலைல அதுவே நெனப்பூட்டும். அதுக்குள்ள உனக்கென்ன அவசரம்?” என்று அதட்டினார் குப்புராஜ்.

காலையில் கட்டம் வேறொன்றைக் கேட்டது. ‘வேலுச்சாமி என்று இரண்டு பதிவுகள் உள்ளன. இருவரும் ஒருவரே போலிருக்கிறது. இணைத்துவிடவா?’

“ஏனுங்க, ரெண்டு பேரும் ஒரே ஆளா?” என்றாள் கனகமணி.

“இத்தன நாளா நமக்குத் தெரியாமப் போச்சு” என்றார் குப்புராஜ்.

“சிங்கப்பூர்ல இருக்கறவரு எப்படிங்க தெனமும் பதினொரு மணிக்கு இங்க டீ கொண்டாருவாரு?” என்றான் திருமூர்த்தி.

குப்புராஜ் கண்ணை மூடி யோசித்தார். “சில நாள் டீ ஆறிப்போய் வருதே, ஏன்னு நெனச்சே?”

கனகமணி ‘ஆமாம்’ அழுத்தினாள். டீ ஆற்றும் படமும் சிங்கப்பூர் முகவரியும் ஒரே கட்டத்தில் வந்து சேர்ந்தன.

சற்று நேரத்தில் சிங்கப்பூரிலிருந்து மெயில். ‘கடைசி விலை என்ன? வெள்ளிக்கிழமை ஊருக்கு வருகிறேன். அதற்குள் சொல்லாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்வேன்.’

“பதில் அடிக்கட்டுங்களா?” என்றாள் கனகமணி.

“பதினொரு மணிக்கு ஆளே வரப்போறாரு. மெயில் எதுக்கு?” என்றார் குப்புராஜ்.

டீ மாஸ்டர் வந்ததும் மூவரும் எழுந்து நின்றார்கள். நாற்காலி போட்டார்கள். ரகம், அளவு, விலை எல்லாம் சொல்லி, “இதுக்கு மேல கொறச்சா கட்டாதுங்க” என்று முடித்தார் குப்புராஜ்.

“எனக்கெதுக்குங்க இத்தன? கடை வாசல்ல போட ஒண்ணு போதுமுங்க.”

ஒரு கன்டெய்னர் ஒரு கால்மிதியாகச் சுருங்கியதில் குப்புராஜுக்கு இப்போதே மூக்கு அரித்தது. “அப்படிச் சொல்லீராதீங்க. எனக்கு நார்த்தூசி ஆகாதுங்க.”

டீ மாஸ்டருக்குப் பாவமாகிவிட்டது. “சரி, ரெண்டாக் குடுங்க. பாய்லருகிட்ட ஒண்ணு போட்டுக்கறேன்.”

ரெண்டைக் கையோடு கொடுத்தனுப்பினார்கள். மறுநாளும் கெஞ்சினார்கள், அதற்கு மறுநாளும் கெஞ்சினார்கள். டீ மாஸ்டருக்கு ரகமும் விலையும் மனப்பாடமாயின. ரெண்டு மட்டும் ரெண்டாகவே இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை வாசலில் கார் நின்றது. இறங்கிய பெரியவர், “நான் வேலுச்சாமி. சிங்கப்பூர்” என்றார்.

குப்புராஜ் ஸ்கிரீனைப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்தார். தோளில் துண்டில்லை, கையில் டம்ளரில்லை.

“மன்னிக்கணுமுங்க. நீங்க அவரில்ல.”

“நான் நான் இல்லையா?”

“படத்துல வேற ஆளுங்க.”

பெரியவர் பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினார். கனகமணி வாங்கி நிதானமாகப் பார்த்தாள்.

“இதுல டீ ஆத்தலீங்களே.”

“வேலுச்சாமியைப் பாக்கணும்னா எதிர்ல இருக்காருங்க” என்று குப்புராஜ் மரியாதையாக வழி காட்டினார்.

தலை சுற்றிப்போன பெரியவர், ஒரு டீயாவது குடிப்போம் என்று எதிர்க்கடைக்குப் போனார். வாசல் கால்மிதியில் செருப்பைத் துடைத்தவர் குனிந்து பார்த்தார். நல்ல நெருக்கமான நெசவு. யார் சரக்கு என்று கேட்டார். டீ மாஸ்டர் எதிர் கம்பெனியைக் காட்டி, ரகம், அளவு, விலை, அதற்கு மேல் ஏன் கட்டாது என்பது, உள்ளே ஒருத்தருக்குத் தூசி ஆகாது என்பது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்தார்.

“இந்த ஊர்ல கேட்டதுக்குப் பதில் சொன்ன மொத ஆளு நீங்கதான்” என்ற பெரியவர், அங்கேயே ஆர்டரில் கையெழுத்துப் போட்டு அவரிடமே கொடுத்துவிட்டுக் காரேறினார்.

பதினொரு மணிக்கு டீ மாஸ்டர் மூன்று டீயோடு ஆர்டரையும் மேஜை மேல் வைத்தார். முழு கன்டெய்னர். குப்புராஜுக்குக் கண் கலங்கியது.

“பாத்தியா திருமூர்த்தி, கடைசில மனசு எறங்கிட்டாரு!”

திங்கட்கிழமை முதலாளி போனிலேயே மூவரையும் பாராட்டினார். அன்று பதினொரு மணியாகியும் டீ வரவில்லை. குப்புராஜ் சொல்லச் சொல்ல, கனகமணி வேலுச்சாமிக்கு மெயில் அடித்தாள். ‘மூன்று டீ. ஒன்று சர்க்கரை இல்லாமல்.’

எதிர்க்கடையில் கேஸ் தீர்ந்துபோய், மதியத்துக்கு மேல்தான் டீ மாஸ்டர் வந்தார். வழியில் யாரோ நிறுத்திப் பேசியிருக்க வேண்டும், டம்ளர் ஜில்லென்று இருந்தது. திருமூர்த்தி வாயைத் திறக்கப் போனான்.

“சும்மா இருடா,” என்று குப்புராஜ் அடக்கினார். “மெயில் பார்த்ததும் கெளம்பியிருக்காரு. கடல் தாண்டி வரணுமில்ல?”