அறுபத்தைந்தாவது சிப்பி

அன்று ஆலாத்திட்டில் இருந்தவர்கள் இருபத்தொரு பேர். மேற்குக் கரையிலிருந்து ஒன்பது பேர். அவர்களுக்குத் தலைவர் மிக்கேல். கிழக்குக் கரையிலிருந்து ஒன்பது பேர். அவர்களுக்குத் தலைவர் நவரத்தினம். குரு. குருவின் சீடர் சவரிமுத்து. நான். மேற்குக் கரைப் படகில் ஒரு நாயும் வந்திருந்தது. அதை எண்ணவில்லை.

மேற்குக் கரை ஒரு நாடு. கிழக்குக் கரை வேறு நாடு. இரண்டுக்கும் நடுவே கடல். கடலுக்கு நடுவே இந்தத் திட்டு. என் நடைக்கு எழுநூற்று இருபது தப்படி நீளம்.

திட்டின் மேட்டில் ஓர் ஊற்று இருந்தது. மணலில் இடுப்பளவு தோண்டிய குழி, அவ்வளவுதான். மழைத்தண்ணீர் மணலுக்குள் இறங்கி, கீழே உள்ள உப்புத்தண்ணீரின் மேல் பாலாடை போல நிற்கும். தேங்காய்ச் சிரட்டையால் மேலாக மொண்டால் நல்ல தண்ணீர். வாளியை ஆழ விட்டால் உப்பு மேலே ஏறிவிடும். ஒரு குடத்துக்கு நாற்பது சிரட்டை. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு குடம் எடுக்கலாம். மறுநாள் விடிவதற்குள் ஊறிவிடும்.

ஒரு குடம் அள்ளியவர், ஊற்றின் ஓரம் இருக்கும் ஓலைப்பெட்டியில் ஒரு சிப்பி போட வேண்டும். எந்தக் கரையார் வந்தாலும் இதுதான் வழக்கம். சாயங்காலம் சிப்பிகளை எண்ணுவது என் வேலை. பதினான்கு வருடமாக எண்ணினேன்.

முன்பு ஒரு நாள் வலை போட்டால் படகு நிறைந்துவிடும். பிறகு மீன் குறைந்தது. நான்கு நாள், ஐந்து நாள் என்று கடலிலேயே கிடந்தார்கள். அத்தனை நாளைக்குத் தண்ணீர் ஏற்றிவரச் சின்னப் படகுகளில் இடம் இல்லை. இந்த ஊற்று இருந்ததால்தான் இரண்டு கரையிலும் சின்னப் படகுகள் தொழில் செய்தன. சிப்பிகள் பன்னிரண்டைத் தாண்ட ஆரம்பித்தன. பதினான்கு. பதினேழு. ஒரு நாள் பத்தொன்பது.

குருவுக்கு வயது ஐம்பத்தொன்று. சவரிமுத்துவுக்கு அறுபத்திரண்டு. அதனால் சீடர் குருவை "ஐயா" என்றும், குரு சீடரை "அண்ணே" என்றும் கூப்பிடுவார்கள்.

சவரிமுத்து மேற்குக் கரைக்காரர். பதினோரு வருடத்துக்கு முன்பு இதே ஊற்றில் இரண்டு கரையாரும் வாளியாலும் துடுப்பாலும் அடித்துக்கொண்டார்கள். அதில் அவர் தம்பி இன்னாசி இறந்தான். பழி வாங்கக் கிளம்பிய படகில் சவரிமுத்து ஏறவில்லை. திட்டுக்கு வந்தவர் இங்கேயே தங்கிவிட்டார்.

அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

"ஐயா, இரண்டு கரையும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பேசினால் இந்தத் தண்ணீர் பிழைக்குமா?"

குரு ஒரு சிரட்டை மொண்டு அவரிடம் கொடுத்தார். சவரிமுத்து குடித்தார்.

"கூட்டி வாருங்கள், அண்ணே. அன்றைக்குச் சொல்கிறேன்."

கூட்டி வர ஆறு வருடம் ஆனது. அந்த ஆறு வருடத்தில் சவரிமுத்து மேற்குக் கரைக்குப் பத்தொன்பது தடவை போனார். கிழக்குக் கரைக்கு இருபத்திரண்டு தடவை போனார். ஒரு தடவை பதினொரு நாட்டுக் கொடி வைத்த பெரிய கூட்டத்துக்கும் யாரோ கூட்டிப் போனார்கள். ஆசியாவின் கடலையும் ஆறுகளையும் எல்லோரும் சேர்ந்து காப்பது பற்றிய கூட்டம். திரும்பி வந்து குருவிடம் சொன்னார்.

"எல்லா நாட்டுக்காரர்களும் சரி என்றார்கள், ஐயா. ஒருவர்கூட மறுக்கவில்லை."

"பிறகு?"

"சாப்பாடு போட்டார்கள். ஆளுக்கு ஒரு பையும் ஒரு பாட்டில் தண்ணீரும் கொடுத்தார்கள்."

"அது எந்த ஊர்த் தண்ணீர்?"

சவரிமுத்து யோசித்தார்.

"பார்க்கவில்லை, ஐயா."

கடைசியில் பங்குனி மாதம் ஒரு வியாழக்கிழமை காலை இரண்டு கரையும் வந்தன. ஊற்றைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மேற்கே ஒன்பது, கிழக்கே ஒன்பது. குரு ஊற்றின் விளிம்பில் சிரட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சவரிமுத்துவின் கையில் பேனாவும் கோடு போட்ட தாளும் இருந்தன.

மிக்கேல் ஆரம்பித்தார். "நாங்க குடிக்கத்தான் எடுக்குறோம். உங்க ஆளுக குளிச்சுட்டுல்ல போறாங்க."

"ஆர் குளிச்சது? உங்கட ஆக்கள் ஐஸ் பெட்டி கழுவினதை நான் என்ர கண்ணால கண்டனான்," என்றார் நவரத்தினம்.

"ஐஸ் பெட்டியக் கடல் தண்ணியிலதான் கழுவுனோம்."

"ஓமோம். அதுதான் உங்கட மீன் அவ்வளவு ருசி."

இரண்டு பக்கமும் சிரித்தார்கள். சவரிமுத்து சிரிக்கவில்லை. அவர் அவர்களுடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். யார் கையிலும் துடுப்பு இல்லை என்று உறுதியானதும் எழுத ஆரம்பித்தார்.

கரைக்கு ஆறு குடம். சிரட்டை மட்டும், வாளி கூடாது. பங்குனியிலும் சித்திரையிலும் கரைக்கு நான்கே குடம். மீறினால் அந்தப் படகுக்கு ஒரு மாதம் ஊற்று இல்லை. ஒவ்வொன்றையும் வாசித்துக் காட்டினார். ஒவ்வொன்றுக்கும் பதினெட்டுத் தலைகள் ஆடின.

"நல்லா எழுதியிருக்கீங்க, மாமா," என்றார் மிக்கேல்.

"வக்கீல் மாதிரியெல்லோ எழுதியிருக்கிறார்," என்றார் நவரத்தினம்.

சவரிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எப்போதிலிருந்து என்று எழுதட்டும்?"

மிக்கேல் தன் படகைத் திரும்பிப் பார்த்தார். பதினைந்து கேன்கள் வெறுமையாக அடுக்கியிருந்தன.

"கேனெல்லாம் கொண்டாந்துட்டோமே. இன்னைக்கு இப்படியே போகட்டும். நாளையிலருந்து வச்சுக்குவோம்."

"எங்களுக்கும் அதுதான் வசதி," என்றார் நவரத்தினம். கிழக்குக் கரைப் படகில் பதினேழு கேன்கள் இருந்தன.

இருவரும் ஒத்துப்போனது சவரிமுத்துவுக்குச் சந்தோஷமாக இருந்தது. தாளின் அடியில் "நாளை சூரிய உதயம் முதல்" என்று எழுதினார். பிறகு குருவைப் பார்த்தார்.

"சரிதானே, ஐயா?"

"இன்றைக்கு?" என்று கேட்டார் குரு.

"இன்று ஒரு நாள்தானே, ஐயா."

குரு மடியிலிருந்த சிரட்டையைக் கவிழ்த்து வைத்தார்.

பதினெட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டார்கள். நான்கு பேர் கைநாட்டு. மிக்கேலும் நவரத்தினமும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பதினோரு வருடத்தில் ஒரு கரையார் தோளில் மறுகரையார் கை வைத்ததை அன்றுதான் பார்த்தேன்.

பிறகு மேற்குக் கரையார் வாளியை இறக்கினார்கள். ஒரு வாளி ஒரு குடம். இரண்டு வாளிக்கு ஒரு கேன். நான் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வாளிக்கு ஒரு சிப்பி விழுந்தது.

எட்டாவது சிப்பி விழுந்தபோது நவரத்தினம் எழுந்து வந்தார்.

"மிக்கேலண்ணை, ஆறேழு கேன் நிரப்பினால் காணும்தானே?"

"நாளையிலருந்து நாலு குடந்தானே, தம்பி. நாலு நாளைக்கு வேணும்ல."

"அப்ப எங்களுக்கு வேண்டாமோ?"

"வேணாம்னு யாரு சொன்னா? நீங்களும் இறக்குங்க."

கிழக்குக் கரையாரும் வாளியை இறக்கினார்கள். குழி சிறியது. இரண்டு வாளிகள் முட்டிக்கொண்டன. ஆனாலும் யாரும் யாரையும் திட்டவில்லை. ஒருவர் வாளி மேலே வரும்வரை மற்றவர் பொறுத்திருந்தார். கயிறு வழுக்கினால் அடுத்த கரையார் பிடித்துக் கொடுத்தார்கள். மேற்குக் கரையில் ஒருவர் கிழக்குக் கரைக் கேனைத் தோளில் வைத்துப் படகுவரை கொண்டுபோய்க் கொடுத்தார்.

"பாருங்கள், ஐயா," என்றார் சவரிமுத்து. "எவ்வளவு ஒற்றுமை!"

வெயில் உச்சிக்கு வந்தது. இருபத்தொரு பேருக்குக் கஞ்சி காய்ச்ச நான் எங்கள் குடிசைக்குப் போனேன். போகும்போது பெட்டியைக் குருவிடம் ஒப்படைத்தேன். அப்போது இருபத்தாறு சிப்பிகள் இருந்தன. திரும்பி வந்தபோது நாற்பத்தொன்று.

நாற்பத்தெட்டாவது வாளியில் தண்ணீர் கலங்கி வந்தது. மேற்குக் கரைக் கேன்கள் நிறைந்துவிட்டன. கிழக்குக் கரையார் அவசரப்பட்டார்கள். ஐம்பத்தாறாவது வாளியை நவரத்தினம் நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"லேசாக் கரிக்குது. பரவாயில்லை, கை கால் கழுவ ஆகும்."

கடைசி வாளியைக் குடித்துப் பார்த்தவர் மணலில் துப்பினார்.

பிறகு யாரும் வாளி இறக்கவில்லை. பதினெட்டுப் பேரும் குழியைச் சுற்றி நின்றார்கள். நாய் வந்து நக்கிப் பார்த்துவிட்டு விலகிப் போனது.

"நாங்க எடுத்தப்போ நல்லாத்தான் இருந்துச்சு," என்றார் மிக்கேல்.

"நீங்கள் எடுத்ததாலதான் எங்களுக்கு இப்பிடி," என்றார் நவரத்தினம்.

"நாளைக்கு ஊறிடும்."

"ஓம். நாளைக்குப் பார்ப்பம்."

காற்று மாறுவதற்குள் போக வேண்டும் என்று கிளம்பினார்கள். படகில் ஏறும்போது மிக்கேல் குடிசைப் பக்கம் கைகாட்டி, "ஐயாவுக்குக் குடிக்கத் தண்ணி?" என்று தன் ஆளிடம் கேட்டார். "கிழக்கு ஆளுக வச்சிருப்பாங்க," என்றார் அவர். பின்னால் ஏறிய நவரத்தினத்திடம் அவருடைய ஆள் அதையே கேட்டார். "மேற்குக் கரையார் வைச்சிருப்பினம்," என்றார் நவரத்தினம்.

இரண்டு படகுகளும் போன பிறகு திட்டில் மூன்று பேர் இருந்தோம்.

சவரிமுத்து குழிக்குள் இறங்கினார். சிரட்டையால் மேலாக, மிகவும் மேலாக, தண்ணீர் அசையாதபடி மொண்டார். குடித்தார். கொஞ்சம் தள்ளிப் போய் மொண்டார். குடித்தார். ஐந்து இடத்தில் பார்த்தார். பிறகு சிரட்டையை மணலில் வைத்தார்.

"எப்போது திரும்பும், ஐயா?"

"மழை வேண்டும்."

பங்குனியிலிருந்து ஐப்பசி வரை ஏழு மாதம். அதற்குப் பிறகும் ஒரே மழையில் திரும்பாது. நான் சொல்லவில்லை. சவரிமுத்துவுக்கும் எண்ணத் தெரியும்.

அவர் தாளை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார்.

"யாரும் மீறவில்லையே, ஐயா."

"இல்லை."

"சண்டைகூடப் போடவில்லை."

"இல்லை."

"இன்னாசி செத்த அன்றைக்கு எத்தனை சிப்பி?" என்று என்னிடம் கேட்டார்.

"ஒன்பது," என்றேன்.

அவர் தாளை நான்காக மடித்தார். சட்டைப்பைக்குள் வைக்கப் போனவர், வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

நான் என் வேலையைச் செய்தேன். பெட்டியைக் கவிழ்த்துச் சிப்பிகளை எண்ணினேன். அறுபத்தைந்து. மேற்கே போனவை பதினைந்து கேன், முப்பது வாளி. கிழக்கே போனவை பதினேழு கேன், முப்பத்து நான்கு வாளி. மொத்தம் அறுபத்து நான்கு. ஒரு சிப்பி கூடுதல். மறுபடி எண்ணினேன். அறுபத்தைந்து. கஞ்சிக்கு வைத்த தண்ணீர் முந்தைய நாளுடையது, அதை ஏற்கெனவே எண்ணியாகிவிட்டது. பதினான்கு வருடத்தில் என் கணக்கு இடித்ததில்லை. யாரிடமும் கேட்கவில்லை. கேட்டுப் பழக்கம் இல்லை.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. சவரிமுத்து குருவின் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"கூட்டி வாருங்கள், அன்றைக்குச் சொல்கிறேன் என்றீர்கள். கூட்டி வந்தேன்."

குரு குழியைப் பார்த்தார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பார்கள், ஐயா. உங்கள் பேச்சை இரண்டு கரையும் தட்டியதில்லை. இருபதிலாவது நிறுத்தியிருக்கலாம். முப்பதிலாவது நிறுத்தியிருக்கலாம். பக்கத்திலேயேதானே உட்கார்ந்திருந்தீர்கள்? ஏன் தடுக்கவில்லை?"

குரு எழுந்து குடிசையின் பின்பக்கம் போனார். திரும்பி வந்தபோது இடுப்பில் ஒரு குடம் இருந்தது. வாயை ஓலையால் மூடிக் கட்டியிருந்தது. அடியில் ஈர மணல் ஒட்டியிருந்தது. எங்கள் நடுவே இறக்கி வைத்து ஓலையை அவிழ்த்தார். குடம் விளிம்புவரை நிறைந்திருந்தது.

"தடுக்கத்தான் எழுந்தேன், அண்ணே," என்றார் குரு. "எழுந்தபோது கையில் குடம் இருந்தது."

என் கணக்கு சரியாகிவிட்டது.

குரு சிரட்டையால் மொண்டு முதலில் எனக்குக் கொடுத்தார். நல்ல தண்ணீர். பிறகு அவர் குடித்தார். மூன்றாவது சிரட்டையைச் சவரிமுத்துவிடம் நீட்டினார். சவரிமுத்து அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தபடி இருந்தார். பிறகு குடித்தார்.

நாற்பதில் மூன்று போனது. மிச்சம் முப்பத்தேழு.