சருகுமானின் இரண்டாம் விசாரணை

ஆலஞ்சோலைக் குளத்தைச் சுற்றிப் பல விலங்குகள் வாழ்ந்தன. அங்கே ஒரு சட்டம் உண்டு. உயிருக்குப் பயந்து வருபவருக்கு இடம் தர வேண்டும். நல்ல தீனிக்கு ஆசைப்பட்டு வருபவரைத் திருப்பி அனுப்ப வேண்டும். விசாரித்து முடிவு சொல்வது கருங்குரங்கின் வேலை.

ஒரு நாள் காலையில் ஒரு சருகுமான் மூச்சிரைக்க ஓடி வந்தது.

"எங்கள் மலையில் செந்நாய்கள் புகுந்துவிட்டன! இங்கே இருக்க இடம் கொடுங்கள்!" என்றது.

"எத்தனை செந்நாய்?" என்று கேட்டது குரங்கு.

"மூன்று."

இரண்டு நாள் கழித்துக் குரங்கு மறுபடியும் அதையே கேட்டது. மான் தயங்கித் தயங்கி, "ஐந்து" என்றது.

குரங்கு கிளையில் துள்ளியது. "அன்றைக்கு மூன்று, இன்றைக்கு ஐந்தா? உன் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை! அந்த மலையில் செந்நாயே கிடையாது என்று காகமும் சொல்லிவிட்டது. நீ தீனிக்காகத்தான் வந்திருக்கிறாய். நாளை மாலைக்குள் கிளம்பிவிடு!"

மான் புதர் ஓரத்தில் அழுதுகொண்டு நின்றது. அதைப் பார்த்த முயல், "அழாதே! குரங்கின் முடிவை மாற்ற நீர்நாய்க்கு அதிகாரம் இருக்கிறது. உடனே போய் முறையிடு!" என்றது.

மான் போய் முறையிட்டதும், நீர்நாய் குரங்கையும் கூப்பிட்டது.

"நான்தான் எல்லாம் கேட்டுவிட்டேனே! எதற்கு வீண் வேலை?" என்றது குரங்கு.

"நீ கேட்டாய். நான் இன்னும் கேட்கவில்லை" என்ற நீர்நாய், மானின் பக்கம் திரும்பியது. "மூன்று எப்படி ஐந்தானது?"

மான் தான் வந்த மலைப் பக்கம் திரும்பிப் பார்த்தது. பிறகு, "என்னைத் துரத்தியவை மூன்று. ஆற்றுத்துறையில் இரண்டு காத்திருந்தன. அவை என் தங்கையைப் பிடித்துவிட்டன. முதல் நாள் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை" என்றது.

"உடம்பில் காயம் இல்லையே?"

"கடிபட்டிருந்தால் நான் இங்கே வந்தே சேர்ந்திருக்க மாட்டேன்!"

நீர்நாய் காகத்தை அழைத்தது. "அந்த மலைக்கு நீ எப்போது போனாய்?"

"போன கோடையில்" என்று முனகியது காகம்.

நீர்நாய் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. அந்த மலையிலிருந்து குளத்துக்கு வரும் ஆற்றில் இறங்கி, எதிர்நீச்சல் போட்டு மேலே போனது.

மறுநாள் மாலை வந்தது. "கெடு முடிகிறது!" என்று குரங்கு மானை எல்லைக்கு அழைத்துப் போனது. அப்போது நீர்நாய் ஈரம் சொட்டக் கரையேறியது.

"நில்லுங்கள்! துறையில் செந்நாய்த் தடங்களைப் பார்த்தேன். ஐந்து ஜோடிக் கண்களும் நாணலுக்குள்ளிருந்து என்னைப் பார்த்தன. பக்கத்திலேயே ஒரு சின்னக் குளம்பும் கிடந்தது. குரங்கின் முடிவு செல்லாது. மான் இங்கேயே இருக்கலாம்!"

குரங்கு தலை குனிந்தது. "நான் எண்ணிக்கையைத்தான் கேட்டேன். என்ன நடந்தது என்று கேட்கவே இல்லை" என்றது.

மான் துள்ளவும் இல்லை, நன்றி சொல்லவும் இல்லை. "படுத்துக்கொள்ளட்டுமா?" என்று மட்டும் கேட்டது. முயல் காட்டிய இடத்தில் சுருண்டு படுத்து, பல நாள் கழித்துக் கண்ணயர்ந்தது.

அஞ்சி வந்தவரின் சொல்லில் குற்றம் தேடுவதற்கு முன், அவர் தப்பி வந்த வழியை விசாரித்து அறிவதே நீதி.